பத்தொன்பது ஒன்றுகள்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் காலை பஸ்ஸில், கண்டக்டர் சீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஜன்னலோரம்தான் என் வழக்கமான இடம். கடலூரில் ஒரு கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்கு வணிகக் கணிதம் எடுக்கிறேன். ஒன்றேகால் மணி நேரப் பயணம். பெரும்பாலும் விடைத்தாள் திருத்துவேன், இல்லாவிட்டால் புதுச்சத்திரம் வரை தூங்குவேன்.

அந்தக் கண்டக்டரோடு முகப் பழக்கம் மட்டும் இருந்தது. ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான ஆள். அதட்டிப் பேசிக் கேட்டதில்லை. ஒரு நாள் காலை பி.முட்லூர் தாண்டியதும், என் மடியிலிருந்த விடைத்தாள்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம் கணக்கு டீச்சரா?"

"ஆமா சார். காலேஜ்ல."

"ஒன்னு கேக்கணும். பத்தொன்பது ஒன்னு வரிசையா எழுதினா ஒரு நம்பர் வருதில்ல? அது எதாலயாவது வகுபடுமா, வகுபடாதா?"

பஸ்ஸில் யாரும் என்னிடம் கேட்டிருக்காத கேள்வி. கல்லூரியிலும் கேட்டதில்லை. சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மூன்று வருடமும் எனக்கு வேலை பகா எண்களோடுதான். பிறகு அதை முடிக்காமல் விட்டுவிட்டேன். விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நான் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எனக்கே தெரிந்துபோனதுதான் காரணம். ஆனால் பத்தொன்பது ஒன்றுகளைப் பற்றி எனக்குத் தெரியும். பகா எண்களை நேசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த எண் அது.

பதில் சொல்வதற்குள் ஆலப்பாக்கத்தில் கூட்டம் ஏறிவிட்டது. அவர் டிக்கெட் போடப் போய்விட்டார். கடலூர் முதுநகரில் கூட்டம் குறைந்ததும் திரும்பி வந்து, தான் ஏன் கேட்டார் என்பதைச் சொன்னார்.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. நாலாவது வருடமாக டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் கடலூர் மருத்துவமனையில் ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் டியூட்டி விழாதபடி மாற்றிக்கொண்டு இவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் ஒரு நாள் சுவரிலிருந்த டிஜிட்டல் கடிகாரத்தில் பதினொன்று பதினொன்று என்று நாலு ஒன்றுகள் வரிசையாகத் தெரிந்தன. அதைப் பார்த்து அந்த அம்மாள் கேட்டாராம்: "பதினொன்னு எதாலயும் வகுபடாது. எல்லாமே ஒன்னா இருக்கற மத்த நம்பருங்க?"

அன்றைக்குப் பொழுது போக்க இவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தார். நூற்றுப் பதினொன்று, முப்பத்தேழால் வகுபட்டது. நாலு ஒன்று, நூற்றொன்றால். ஐந்து ஒன்று, நாற்பத்தொன்றால். அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கினார். ஏழு ஒன்றுகள் 239-ஆல் உடைந்தன. பதினோரு ஒன்றுகளை உடைக்க மட்டும் எட்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு பகா எண்ணாகக் கையால் வகுத்துக்கொண்டே போய், 21649 என்ற எண்ணில் மீதி இல்லாமல் முடிந்தபோது டயாலிசிஸ் வார்டு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாராம்.

"நோயாளிங்களுக்கு இல்ல மேடம். நர்ஸுங்களுக்கு மட்டும்" என்று சேர்த்துக்கொண்டார்.

பதினாறு ஒன்று வரைக்கும் எல்லாமே உடைந்துவிட்டன. பதினெட்டும் உடைந்தது. பதினேழும் பத்தொன்பதும் மட்டும் இரண்டு வருடமாக அசையவில்லை. முப்பதாயிரத்தை நெருங்கும் பகா எண்கள் வரை வகுத்துப் பார்த்தாயிற்று.

நான் செய்த தப்பு அடுத்த நாள் காலை நடந்தது. முதல் நாளே கல்லூரியில் கம்ப்யூட்டரைத் திறந்து சரிபார்த்து வைத்துக்கொண்டு, ஒரு நல்ல செய்தி கொண்டுபோகிற உற்சாகத்தில் பஸ் ஏறினேன். அவர் டிக்கெட்டை நீட்டும்போதே சொன்னேன்.

"சார், பதினேழு ஒன்னு உடையும். இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்தி இருபத்தி மூணால உடையும். பத்தொன்பது ஒன்னு பகா எண்தான். நூறு வருஷத்துக்கு முன்னாடியே வெளிநாட்டுல கண்டுபிடிச்சுட்டாங்க. நீங்க வகுத்துப் பாத்து முடிக்கணும்னா நூத்தியஞ்சு கோடி வரைக்கும் போகணும்."

அவர் கையில் டிக்கெட் மெஷின் அப்படியே இருந்தது.

"நூத்தியஞ்சு கோடியா?"

"ஆமா சார். அதனால நீங்க இதுக்கு மேல கஷ்டப்பட வேணாம்."

"அப்படிங்களா" என்றார். விசில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனார். அன்று கடலூர் வரும்வரை முன்பக்கம் வரவேயில்லை. இறங்கும்போது நானாகவே "வரேன் சார்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவரைக் காணவில்லை. வேறு ஒரு கண்டக்டர் வந்தார். விசாரித்ததில் பண்ருட்டி ரூட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று தெரிந்தது. அது என்னால்தான் என்று நினைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கும் ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. ஆறு மாதம் உழைத்து எழுதிய பக்கங்களை ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தானே" என்று சாதாரணமாகச் சொன்னார். அதை அவர் அன்போடுதான் சொன்னார். அன்றைக்கு நான் விடுதி அறைக்குப் போய்ச் சாயங்காலம் வரை படுத்தே இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு இல்லை. மருத்துவமனைக்குப் போனேன். டயாலிசிஸ் பிரிவு எங்கே என்று கேட்டு, மாடியேறி, வாசலில் செருப்பைக் கழற்றியபோதுதான் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. "மனைவிக்காக வர்ற பஸ் கண்டக்டர்" என்றேன். அங்கிருந்த நர்ஸ் சிரித்தார். "கணக்கு போடுவாரே, அவரா? டீ குடிக்கப் போயிருக்காரு. அந்தம்மா மூணாவது பெட். அஞ்சு நிமிஷம்தான்."

மூன்றாவது கட்டிலில் இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் மெஷினுக்குப் போயின. வலது கையால் ஒரு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் தாகத்துக்கு அதுதான் வழி. நான் யார் என்று சொல்வதற்குள் அவரே கேட்டார்.

"நீங்கதானா அந்த மேடம்?"

"ஆமாங்க்கா. நான் சொன்னது அவருக்குக் கஷ்டமாப் போச்சா?"

"கஷ்டம்னு ஒன்னும் சொல்லல. நோட்ட மடிச்சி பீரோவுல வெச்சிட்டாரு. கோவம்லாம் இல்ல. ஆனா மேடம், இப்ப நாலு மணி நேரமும் சும்மா ஒக்காந்துகினு என் மூஞ்சியையே பாத்துகினு இருக்காரு. அப்புறம் மெஷின பாக்கறாரு. அப்புறம் திரும்ப என் மூஞ்சி. முன்ன அவுரு பாட்டுக்குக் கணக்கு போட்டுகினு இருப்பாரு, நான் பாட்டுக்குக் கண்ண மூடிப்பேன். இப்ப அவுரு பாக்கறத பாத்தா எனக்கே பயமா இருக்குது. நான் என்னா, இன்னிக்கே போயிடுவேனா?"

நான் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வேற ஏதாச்சும் கணக்கு குடுங்க" என்றார். "கஷ்டமானதா. சீக்கிரம் முடியாததா."

வேறு ஒரு எண்ணைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது குழந்தை கையில் பொம்மை கொடுப்பது போல இருக்கும். கண்டக்டர் டீக் கப்போடு உள்ளே வந்து, என்னைப் பார்த்துத் தயங்கி நின்றார். நான் எழுந்து, "சார், அன்னிக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"அதெல்லாம் ஒன்னும் இல்ல மேடம். உள்ளதத்தான சொன்னீங்க." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒன்னு புரியல. நூத்தியஞ்சு கோடி வரைக்கும் வகுக்கணும்னு சொன்னீங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர் கெடையாது. அந்த ஆளு மட்டும் எப்படி வகுத்தாரு?"

மூன்று வாரமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கேட்டது, கணிதம் படித்தவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வார்டுக்கு வெளியே காத்திருக்கும் ஹாலில், அவர் மனைவியை உள்ளே அழைப்பதற்கு முன்னால், மூன்று பேரும் உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன்.

ஒரு எண் பகா எண்தானா என்று அறிய அதை வகுத்துக்கொண்டே போவது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. அந்த எண்ணைத் தொடாமல், அதற்கு முந்தைய எண்ணை உடைப்பது. பத்தொன்பது ஒன்றுகளில் ஒன்றைக் கழித்தால், பதினெட்டு ஒன்றும் கடைசியில் ஒரு பூஜ்யமும் வரும். இந்த முந்தைய எண் முழுசாக உடைந்துபோகிறது: இரண்டு, மூன்று, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பத்தொன்பது, முப்பத்தேழு. இவை போக இரண்டு பெரிய துண்டுகள், 52579, 333667. அவ்வளவுதான். இந்தத் துண்டுகள் கையில் இருந்தால் போதும். இரண்டு என்ற எண்ணை எடுத்து, அதை அதாலேயே, அந்த முந்தைய எண் எவ்வளவோ அத்தனை தடவை பெருக்க வேண்டும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு, பத்தொன்பது ஒன்றுகளால் வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ஒன்று மிஞ்ச வேண்டும். நடுவே இரண்டு இடத்தில் சின்னச் சோதனை உண்டு. அவற்றிலும் தேறினால், இந்த எண்ணுக்கு வகுத்தி எதுவும் இருக்கவே முடியாது.

"அத்தன தடவ எப்படி மேடம் பெருக்கறது? கோடி கோடியால்ல இருக்குது?"

"ஒவ்வொன்னா பெருக்க வேணாம். வந்த விடையை அதாலயே பெருக்கினா ரெண்டு மடங்கு தாண்டிடலாம். திரும்ப அதையே பெருக்கினா நாலு மடங்கு. மொத்தமே நூத்திச் சொச்சம் பெருக்கல்தான்."

"நூறுதானா? ஆனா பத்தொன்பது எலக்கத்த பத்தொன்பது எலக்கத்தால பெருக்கி, அப்புறம் பத்தொன்பது எலக்கத்தால வகுக்கணும். அதுக்கே உயிரு போயிடுமே."

அப்போது சொன்னேன். பத்தொன்பது ஒன்றுகளை ஒன்பதால் பெருக்கினால் பத்தொன்பது ஒன்பதுகள் வரும். அதோடு ஒன்றைச் சேர்த்தால், ஒன்றும் அதன் பின்னால் பத்தொன்பது பூஜ்யங்களும். அதனால் வகுக்க வேண்டியதே இல்லை. பெருக்கல் விடை முப்பத்தெட்டு இலக்கம் வந்தால், அதை நடுவில் வெட்டி, இடது பாதியைத் தூக்கி வலது பாதிக்குக் கீழே வைத்துக் கூட்டினால் போதும். மீதி மாறாது.

அவர் ஒரு காகிதத்தில் மூன்று ஒன்றுகளை வைத்துச் செய்து பார்த்தார். வேறு எண்களில் செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வகுத்தும் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"வகுக்கவே வேணாமா?"

"வேணாம் சார்."

"நாலு வருஷமா வகுத்துகினே இருந்தேன் மேடம்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் அவர் மனைவியும் சிரித்தார், கணவரின் முன்கையில் ஒரு தட்டுத் தட்டி.

வேலை தொடங்கியது. கட்டம் போட்ட பெரிய நோட்டு, ஒரு பெருக்கலுக்கு ஒரு பக்கம். முந்தைய பக்கத்து விடையை அந்த அம்மாள் வலது கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக வாசிப்பார். இவர் எழுதிக்கொள்வார். பிறகு பத்தொன்பது வரிசைகள் பெருக்கிக் கூட்டி, வெட்டி, மடக்கிக் கூட்டுவார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதை ஒழித்துச் சரிபார்க்கும் பள்ளிக்கூடத்து முறையைச் சொல்லியிருந்தேன். அது சரியாக வந்தால் ஒரு டிக் போடுவார். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்தான் முடிந்தது. சில நாள் ஒன்றுதான்.

நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது போவேன். அந்த அம்மாளுக்குப் பண்ருட்டிதான் பிறந்த ஊர். அது பலாப்பழ சீசன். வாசலில் தள்ளுவண்டியில் சுளை விற்பார்கள், வாசனை மாடி வரைக்கும் வரும். அவருக்கு அது ஒரு சுளைகூட ஆகாது, பொட்டாசியம் ஏறிவிடும். "வாசனைக்கு ஒன்னும் ஏறாதில்ல" என்பார் நர்ஸிடம். பிறகு இவரிடம், "ம், அடுத்தது சொல்றேன், எழுதுங்க. ஆறு. ஒன்னு. பூஜ்யம். பூஜ்யம். நாலு." அவர் குரல் வார்டில் ஒரு பழக்கமாகிவிட்டது. பக்கத்துக் கட்டில் பெரியவர், அது தனக்குத் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு நன்றாகத் தூங்குவார்.

ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரியில் தேர்வுக் கண்காணிப்பு முடிந்து வெளியே வந்ததும் போன் வந்தது.

"மேடம், ஒன்னு வரல."

"என்ன சார்?"

"கடைசிப் பக்கம் முடிஞ்சிது. ஒன்னு வரல. ஏதோ பெருசா ஒரு நம்பர் வருது. ஏழுல முடியுது."

குரலில் அழுகை இல்லை. டிப்போவில் தகவல் சொல்வது போலச் சொன்னார். நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். அவர் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, நான் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டேன். நாற்பது பக்கம் வரை எல்லாமே சரி. நாற்பத்தோராம் பக்கத்தில், முந்தைய விடையை எடுத்து எழுதியதில், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. முப்பத்தெட்டு எண்பத்து மூன்றாகியிருந்தது. இடம் மாறினால் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறாது. அதனால் ஒன்பது ஒழிக்கும் சோதனையில் அது தப்பித்துவிட்டது.

இந்த முறை உடனே சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வரை பொறுத்திருந்து நேரில் போனேன். அந்த அம்மாள் கட்டிலில். இவர் நாலு நாளாகத் தூங்காத கண்களோடு நாற்காலியில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க தப்புன்னு எனக்குத் தெரியும் சார்" என்றேன். "சொல்லட்டுமா, வேணாமா? நீங்க சொல்றபடி."

அவர் நோட்டையே பார்த்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"பக்கம் மட்டும் சொல்லுங்க மேடம். எடம் நாங்க கண்டுபிடிச்சிக்கறோம். நூறு பக்கத்தையும் திருப்பிப் பாக்க என் உடம்புல தெம்பு இல்ல."

"நாப்பத்தி ஒன்னு."

அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து முதலில் பெருக்கல்களைத் தேட ஆரம்பித்தார். அந்த அம்மாள் நாற்பதாம் பக்கத்தைக் கேட்டு வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். திடீரென்று நின்றார்.

"என்னாங்க. அதுல பன்னண்டாவது எடத்துல என்னா எழுதியிருக்கீங்க?"

"எட்டு. மூணு."

"இங்க மூணு எட்டு."

பக்கத்தின் மூலையில் அவர் தேதி போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்து அந்த அம்மாளே சொன்னார். "இது அன்னிக்கிதான். எனக்கு பிரஷர் எறங்கிச்சே, கால தூக்கிப் புடிச்சாங்களே. அப்புறம் நீங்க வேணாம்னு சொன்னீங்க, நான்தான் படிக்கறேன்னு புடிவாதம் புடிச்சேன்." ஐஸ் துணியை ஓரமாக வைத்தார். "நான் தப்பா படிச்சிட்டேன்."

"நான் தப்பா எழுதியிருப்பேன்."

"இல்ல, நான்தான். அப்ப எனக்குக் கண்ணுல பூச்சி பறந்துகினு இருந்திச்சி. உங்ககிட்ட சொல்லல."

அந்தப் பக்கத்துக்குப் பிறகு அதை நம்பிப் போன அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் செல்லாது. திரும்பச் செய்ய வேண்டும். நான் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"என்னால நாலு மாசம் போச்சு" என்றார் அந்த அம்மாள்.

"நாலு மாசம் எங்க போயிடப் போவுது?" என்றார் அவர். "எப்படியும் இங்கதான ஒக்காந்திருக்கப் போறோம்." நோட்டில் புதுப் பக்கத்தைத் திறந்து மேலே 41 என்று எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, எழுந்து, மனைவியின் தலைமாட்டுத் தலையணையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். அவர் எழுதியதை அந்த அம்மாளுக்குத் திரும்ப வாசித்துக் காட்டுவார். அந்த அம்மாளுக்குத் தலை சுற்றினால் சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு அதோடு நிறுத்தம். பல நாள் நிறுத்த வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ஒரு வாரம் காய்ச்சல் வந்து அந்த அம்மாளை வேறு வார்டில் வைத்தார்கள், நோட்டே வெளியே வரவில்லை. நான் பார்க்கப் போனபோது கண்டக்டர் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு அந்த எண் முடியாமலே போனாலும் போகட்டும் என்று தோன்றியது. அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்தால் போதும்.

எழுந்து உட்கார்ந்தார். தையில் திரும்பவும் மூன்றாவது கட்டிலுக்கு வந்தார்.

கடைசிப் பக்கத்தன்று என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நடுவே இருந்த இரண்டு சின்னச் சோதனைகளிலும் எண் ஏற்கெனவே தேறியிருந்தது. மதியம் இரண்டரை மணி. பெருக்கல் முடிந்து, முப்பத்தெட்டு இலக்கங்கள் நீளமாகக் கிடந்தன. அவர் அதை நடுவில் கோடு போட்டு வெட்டினார். இடது பாதியை வலது பாதிக்குக் கீழே, கட்டத்துக்குக் கட்டம் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். அந்த அம்மாள், "சரி, கூட்டுங்க" என்றார். படுத்திருந்த இடத்திலிருந்து அவருக்கு நோட்டு தெரியாது.

வலது ஓரத்திலிருந்து தொடங்கினார். நாலும் ஆறும் பத்து. பூஜ்யம் எழுதி, ஒன்றை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார்.

"என்னா வருது?"

"பூஜ்யம்."

இரண்டும் ஏழும் ஒன்றும் பத்து.

"அடுத்தது?"

"பூஜ்யம்."

ஐந்தும் நாலும் ஒன்றும். எட்டும் ஒன்றும் ஒன்றும். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே ஒரு இலக்கம், கீழே ஒரு இலக்கம், கொண்டுவந்த ஒன்று, மொத்தம் பத்து. அவர் கூட்டும் வேகம் குறைந்துகொண்டே போனது. ஏழெட்டு பூஜ்யத்துக்குப் பிறகு அந்த அம்மாள் கேட்பதை நிறுத்திவிட்டார். கண்டக்டரே சொல்லிக்கொண்டு போனார். "பூஜ்யம். பூஜ்யம்." நர்ஸ் மருந்து ட்ரேயோடு வந்து நின்றுவிட்டார். எனக்கு விடை முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அடுத்த கட்டத்துக்காகக் குனிந்து காத்திருந்தேன். ஆராய்ச்சி அறையில் அந்த மூன்று வருடத்தில் நான் அப்படி ஒரு தடவைகூடக் காத்திருந்ததில்லை.

பத்தொன்பதாவது கட்டமும் பூஜ்யம். அதற்கு இடதுபக்கம், வெளியே, ஒரு ஒன்று மட்டும் நின்றது. விதிப்படி அதையும் வெட்டி வலது ஓரத்துக்குக் கொண்டுவந்து கூட்ட வேண்டும். கூட்டினார்.

"ஒன்னு" என்றார்.

"ஒன்னா?"

"ஒன்னேதான்."

அந்த அம்மாள் வலது கையை நீட்டினார். நோட்டைக் கேட்கிறார் என்று நினைத்து அவர் நோட்டைக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை வயிற்றின் மேல் வைத்துவிட்டுத் திரும்பவும் கையை நீட்டினார். அப்போதுதான் இவருக்குப் புரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஹாலுக்கு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நோட்டோடு வெளியே வந்தார். "மேடம், நீங்க ஒரு கையெழுத்து போடணும். வழியில செக்கிங் ஏறினா எங்க ஷீட்டுல போடுவாங்க இல்ல, அது மாதிரி. சரியா இருக்குதுன்னு." கடைசிப் பக்கத்தின் கீழே, சரிபார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பக்கத்தில் அவர் போட்டார். பிறகு உள்ளே கொண்டுபோய் மனைவியிடமும் வாங்கிவந்தார். படுத்துக்கொண்டே போட்டதால் அந்தக் கையெழுத்து கட்டங்களைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

உலகத்துக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவருக்கும் அது தெரியும். "அந்த வெளிநாட்டுக்காரரு சொன்னது சரிதான் மேடம்" என்றார், தணிக்கை முடித்த அதிகாரியைப் போல. இதனால் நான் ஆராய்ச்சிக்குத் திரும்பிவிடவும் இல்லை. இப்போதும் வணிகக் கணிதம்தான் எடுக்கிறேன். ஒரு மாற்றம் உண்டு. விடைத்தாளில் மாணவன் தப்பு செய்திருந்தால், எந்த வரி என்று மட்டும் சுழித்துவிட்டு, இடத்தை அவனே தேடட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

அந்த அம்மாளுக்கு இப்போது வாரம் மூன்று தடவை. போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் இருவரையும் பார்த்தேன். மலைக்குப் போகும் படியில் பாதிக்கு மேல் அந்த அம்மாளால் ஏற முடியவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவுரு மட்டும் போயிட்டு வரட்டும், எனக்கும் சேத்து வேண்டிப்பாரு" என்றார். இருபத்து மூன்று ஒன்றுகளும் பகா எண்தான் என்று எங்கோ தெரிந்துகொண்டு, அதையும் செய்து பார்க்கலாமா என்று கண்டக்டர் கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சிச் சொல்றேன்னிருக்கேன். பக்கம் பக்கமா படிக்கறது நான்தான?"

கண்டக்டர் கீழே இறங்கி வந்தார். தொன்னையில் புளியோதரை இருந்தது. அந்த அம்மாள் நாலு பருக்கை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை எங்கள் இருவருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடலாம் என்றார் அவர். மனைவியின் செருப்பைத் தேடி எடுத்துவந்து காலுக்கு நேராக வைத்தார். மூன்று பேரும் மெதுவாகப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.